ஊர் தானாகச் சாவதில்லை

"காலத்தின் கட்டாயம்" என்றொரு தொடர் நம்மிடையே வழங்குகிறது. மேற்கொண்டு கேள்வி கேட்க விடாமல் வாயை அடைக்கும் தொடர் அது. மழை பொய்த்தது, ஆறு வற்றியது என்று சொல்வதுபோலவே ஆலை மூடிற்று, ஊர் வெறிச்சோடிற்று என்று சொல்லி முடித்துவிட அது துணைசெய்கிறது. மழையைப் பொய்க்கச் செய்தவர் யார் என்று எவரையும் கேட்க இயலாது. ஆனால் ஆலையை மூடியவர் யார் என்று கேட்க இயலும். கேட்க இயலும் கேள்வியைக் கேளாதிருப்பதற்கே இத்தொடரைப் பலர் கேடயமாகப் பிடிக்கின்றனர்.

அமெரிக்கா என்றதும் நியூயார்க்கின் வானளாவிய மாடங்களும் கலிபோர்னியாவின் கணினிக் கூடங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் அந்நாட்டின் தொழில் வளத்தைப் பெருமளவு தாங்கி நின்றவை, ஒரே பொருளைச் செய்து அதனாலேயே பெயர்பெற்ற சிறு நகரங்களாகும். கனெடிகட் மாநிலத்தில் டான்பரி தொப்பி செய்தது. வாட்டர்பரி பித்தளை வார்த்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் காலணி தைத்தது. லாரன்ஸ் கம்பளித் துணி நெய்தது. நியூயார்க் மாநிலத்தின் குளோவர்ஸ்வில் கையுறைத் தொழிலிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. ஒகையோ மாநிலத்தில் ஆக்ரன் டயர் செய்தது. யங்ஸ்டவுன் எஃகு உருக்கியது.

இவ்வூர்களின் வரலாற்றை எழுதுவோரிற் பலர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். ஊர் பிறந்தது, வளர்ந்தது, மூப்படைந்தது, மாண்டது. மனிதருக்கு நேர்வதே ஊருக்கும் நேர்ந்தது என்கின்றனர். இக்கதை அழகாயிருக்கிறது, உண்மையாயில்லை. ஊர்கள் மூப்பினால் சாவதில்லை. எங்கோ ஓர் அறையில், எவரோ சிலர், ஒரு குறிப்பிட்ட நாளில் எடுக்கும் முடிவுகளால் சாகின்றன. இதை மெய்ப்பிக்க யங்ஸ்டவுன் ஒன்றே போதும். அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு நாள் உண்டு, பெயர் உண்டு. அவற்றை எதிர்த்து நின்றவர்களும் உண்டு. ஓர் ஆயரும் அவர்களுள் ஒருவர்.

ஆற்றங்கரையில் எழுந்த உலைகள்

ஒகையோவின் வடகிழக்கு மூலையில் மஹோனிங் என்றோர் ஆறு ஓடுகிறது. பெரிய கப்பல்கள் செல்லும் பேராறு அன்று, சிற்றாறே. ஆயினும் அப்பள்ளத்தாக்கில் இரும்புத்தாதும் சுண்ணாம்புக்கல்லும் விறகும் அருகருகே கிடைத்தன. 19-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே டேனியல் ஹீட்டன் என்பவர் அங்கு ஓர் ஊதுலையை எழுப்பினார். 1840-களில் பிரையர் ஹில் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. 1900-இல் உள்ளூர்ச் செல்வர்கள் ஒன்றுசேர்ந்து 'யங்ஸ்டவுன் ஷீட் அண்டு டியூப்' என வழங்கலான கம்பெனியைத் தொடங்கினர். பின்னர் ஆற்றின் இரு மருங்கிலும் ஏறத்தாழ 25 மைல் நீளத்திற்கு உலைகளும் உருட்டாலைகளும் வரிசையாக நின்றன. உலைகளைக் குளிர்வித்த நீர் சூடேறி ஆற்றிலே விழுந்தமையால், பனி கொட்டும் காலத்திலும் மஹோனிங் உறையாது ஓடிற்று.

உலைக்கு ஆள் வேண்டியிருந்தது. வேல்ஸ், அயர்லாந்து, இத்தாலி, ஸ்லோவாக்கியா, போலந்து, ஹங்கேரி, குரோவேசியா எனப் பல நாடுகளிலிருந்து மக்கள் வந்தனர். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தனர். வந்தவர்கள் தத்தம் தாய்மொழியில் செபிக்கத் தத்தம் ஆலயங்களைக் கட்டிக்கொண்டனர். 1930-இல் நகரின் மக்கள்தொகை 1,70,000. 1943-இல் கிளீவ்லாந்து மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து யங்ஸ்டவுன் தனி மறைமாவட்டமாயிற்று. ஆலைச் சங்கு ஊதும் வேளையை வைத்தே அந்நகரின் குடும்பங்கள் உண்டன, உறங்கின.

இதைக்கொண்டு அவ்வூரைப் பொற்காலத்து ஊர் என்று பாட நான் முன்வரவில்லை. 1916 சனவரியில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது கம்பெனியின் காவலர்கள் சுட்டனர், உயிர்கள் மாண்டன, கிழக்கு யங்ஸ்டவுன் என்ற தொழிலாளர் குடியிருப்பின் கடைவீதி எரிந்து சாம்பலாயிற்று. அதே குடியிருப்புக்குப் பின்னர்ச் சூட்டப்பட்ட பெயர் காம்ப்பெல். கம்பெனித் தலைவரின் பெயர் அது! 1937-இல் தொழிற்சங்கத்தை ஏற்கச் சொல்லி நடந்த போராட்டத்திலும் யங்ஸ்டவுன் தெருக்களில் இரத்தம் சிந்தியது. ஆற்றிலே எண்ணெய் மிதந்தது. குற்றக் கும்பல்களின் ஆதிக்கமும் ஊரை நெடுநாள் அலைக்கழித்தது.

நிறவேற்றுமை உலைக்குள்ளும் இருந்தது. கற்கரி அடுப்புகளின் வெப்பத்திலும் நச்சுப்புகையிலும் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களே. கைத்திறன் மிக்க வேலைகளின் கதவு அவர்களுக்கு அடைத்தே இருந்தது. 1974-இல் எஃகுத் தொழில் முழுவதற்குமாக நீதிமன்றத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டுக் கதவு திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அவர்கள் நுழைந்த வீடே இடிக்கப்பட்டது.

இத்தனை குறைகளையும் அறிந்தே சொல்கிறேன்: அவ்வூரின் மக்கள் தங்கள் உரிமைகளை ஒவ்வொன்றாகப் போராடிப் பெற்றனர். கூலியும், எட்டு மணி நேர வேலையும், ஓய்வூதியமும், பிள்ளைகளின் படிப்பும் எவரும் இரங்கி இட்ட பிச்சையல்ல. அப்படிப் பெற்றவை அனைத்தும் நிலைக்க ஆலை ஓட வேண்டும். ஆலை ஓடுவதா, நிற்பதா என்று முடிவு செய்யும் உரிமையை மட்டும் அவர்கள் பெறவில்லை. அந்த ஓர் ஓட்டையின் வழியாகவே அத்தனையும் ஒழுகிப்போயின.

ஒரு திங்கட்கிழமை

1969-இல் லைக்ஸ் என்ற நிறுவனம் ஷீட் அண்டு டியூப் கம்பெனியை வாங்கிற்று. லைக்ஸ், நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து கப்பல் ஓட்டி வந்த நிறுவனம். எஃகுத் தொழிலை அறியாதது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனியை அது எவ்வாறு வாங்கிற்று? பெருங்கடன் பட்டு வாங்கிற்று. அக்கடனுக்கு வட்டி எங்கிருந்து வரும்? வாங்கப்பட்ட கம்பெனியின் வருவாயிலிருந்தே வரும். உலையைப் புதுப்பிக்கச் செல்லவேண்டிய பணம், உலையை வாங்கப் பட்ட கடனுக்குச் சென்றது. பசுவை வாங்கிய கடனை அடைக்கப் பசுவின் தீவனத்தை விற்றவன் கதை இது. பசு மெலிந்ததும், "இது கறவை வற்றிய மாடு, காலத்தின் கட்டாயம்" என்றான்!

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. காம்ப்பெல் ஆலையின் பெரும்பகுதி மூடப்படும் என்று கம்பெனி அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேர் வேலை இழந்தனர். தொழிற்சங்கத்தோடு கலந்து பேசவில்லை. நகராட்சிக்கு முன்னறிவிப்பு இல்லை. தலைமுறை தலைமுறையாய் உழைத்த குடும்பங்கள் செய்தி கேட்டுத்தான் தங்கள் தலைவிதியை அறிந்தன. 'கறுப்புத் திங்கள்' என்றே அவ்வூரார் அந்நாளை இன்றும் அழைக்கின்றனர்.

அத்தோடு நிற்கவில்லை. 1978-இல் லைக்ஸ் மற்றொரு பெருநிறுவனத்தோடு இணைந்தது. 1979 இறுதியில் பிரையர் ஹில் ஆலை நின்றது. அதே ஆண்டு நவம்பரில், யு.எஸ். ஸ்டீல் தனது ஒகையோ ஆலையையும் மெக்டொனால்டு ஆலையையும் மூடப்போவதாக அறிவித்தது. மேலும் ஏறத்தாழ 3,500 பேர் தெருவுக்கு வந்தனர். 1982 ஏப்ரல் 28-ஆம் நாள் ஒகையோ ஆலையின் ஊதுலைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஐந்தாண்டுகளுக்குள் ஒரு நூற்றாண்டின் உழைப்பு தரைமட்டமாயிற்று.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போருக்குப்பின் ஜப்பானும் மேற்கு ஜெர்மனியும் புதிய ஆக்சிஜன் உலைகளை அமைத்தன. காம்ப்பெல்லிலோ பழைய திறந்த அடுப்பு உலைகளே இருந்தன. யங்ஸ்டவுனுக்கு ஏரித் துறைமுகம் இல்லை. தாது கப்பலில் ஏரி கடந்து, பின்பு இரயிலேறி வர வேண்டியிருந்தது. வெளிநாட்டு எஃகு மலிவாக வந்திறங்கியது. இவை யாவும் உண்மையே.

ஆனால் உலை பழையதாயிருந்தது என்பது காரணமா, விளைவா? ஜப்பானில் புதிய உலை வானத்திலிருந்து விழவில்லை. பணம் போட்டவர் இருந்தமையால் எழுந்தது. யங்ஸ்டவுனில் உருகிய எஃகின் இலாபம் வேறு ஊரின் ஆலைக்கும் வேறு தொழிலுக்கும் போயிற்று. யு.எஸ். ஸ்டீலின் செயலைப் பாருங்கள். யங்ஸ்டவுன் ஆலைகளைப் புதுப்பித்தல் கட்டுபடியாகாது என்ற அந்நிறுவனம், உலைகளை வெடிவைத்துத் தகர்த்த அதே 1982-இல் மாரத்தான் எண்ணெய் நிறுவனத்தை வாங்கிற்று. விலை ஏறத்தாழ 600 கோடி டாலர்! பணம் இருந்தது. அந்த ஊருக்குத்தான் இல்லை.

ஆயரும் தொழிலாளரும்

கறுப்புத் திங்களுக்குப் பின் அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. சில நாள்களிலேயே ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட கையொப்பங்களோடு தொழிலாளர்கள் பேருந்துகளில் வாஷிங்டன் சென்றனர். யங்ஸ்டவுன் ஆயர் ஜேம்ஸ் மலோன், புராட்டஸ்டாண்டு சபைகளின் தலைவர்களையும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரையும் யூத இரபிகளையும் அழைத்து ஒரே மேசையில் அமர்ந்தார். 'மஹோனிங் பள்ளத்தாக்குச் சமயக் கூட்டணி' என்று அவ்வமைப்பைச் சொல்லலாம். 1977 நவம்பரில் அவர்கள் கூட்டாக ஒரு மடல் வெளியிட்டனர். ஆலையை மூடுவது கணக்கு வழக்குச் சிக்கல் மட்டுமன்று, அறநெறிச் சிக்கல் என்பதே அதன் சாரம்.

மடலோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. மூடிய ஆலையை ஊர்மக்களும் தொழிலாளர்களும் சேர்ந்து வாங்கி நடத்தலாம் என்றனர். 'நம் பள்ளத்தாக்கைக் காப்போம்' என்ற பெயரில் வங்கிகளில் கணக்குகள் தொடங்கப்பட்டன. குடும்பங்களும் பங்குகளும் துறவற சபைகளும் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் வரை அவற்றில் சேர்த்தன. கார் ஆல்பெரோவிட்ஸ் என்ற பொருளியலறிஞரின் குழு, புது உலைகளோடு ஆலையை நடத்தும் திட்டத்தை வகுத்தது. அதற்கு நடுவண் அரசின் கடன் உத்தரவாதம் வேண்டும். கேட்ட தொகை 24.5 கோடி டாலர். அரசு பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடனுக்குப் பிணை நின்றால் போதும்.

1979 மார்ச்சில் கார்ட்டர் அரசு மறுத்துவிட்டது. திட்டம் நம்பத்தக்கதாயில்லை, தொகை மிகப் பெரிது என்றனர். அதே ஆண்டு இறுதியில் கிறைஸ்லர் கார் கம்பெனி நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது. அதற்கு 150 கோடி டாலர் கடன் உத்தரவாதம் அளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. 1980 சனவரியில் கார்ட்டரே கையெழுத்திட்டார். அரசு தொழிலில் தலையிடலாகாது என்ற தத்துவம் அப்போது எங்கே போயிற்று? கம்பெனி கேட்டால் கை நீளுகிறது. ஊர் கேட்டால் தத்துவம் நீளுகிறது. கிறைஸ்லர் அக்கடனை அடைத்துவிட்டது என்று பெருமை பேசுவோர், யங்ஸ்டவுன் அடைத்திருக்குமா என்று அறியும் வாய்ப்பே அளிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சட்டத்தின் இரு முகங்கள்

யங்ஸ்டவுனின் பெயர் அமெரிக்கச் சட்ட வரலாற்றில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தது. 1952-இல், கொரியப் போரின்போது, எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரவிருந்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். ஷீட் அண்டு டியூப் முதலிய கம்பெனிகள் வழக்காடின. இரண்டே மாதங்களுக்குள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டமன்றத்தின் ஒப்புதலின்றிக் குடியரசுத் தலைவர்கூட ஆலையைத் தொடலாகாது. ஆட்சியதிகாரத்தின் எல்லையை வரையறுத்த நல்ல தீர்ப்பு அது. நான் அதைப் பழிக்கவில்லை. உடைமையாளரின் உரிமை வழக்கில் நின்றபோது சட்டம் எவ்வளவு விரைந்து ஓடி வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்க.

28 ஆண்டுகள் கழிந்து மற்றொரு வழக்கு வந்தது. இம்முறை வழக்காடியவர்கள் யு.எஸ். ஸ்டீல் தொழிலாளர்கள். அவர்களுக்காக வாதிட்ட வழக்கறிஞர்களுள் ஒருவர் ஸ்டாட்டன் லிண்ட். அவர்கள் முன்வைத்த வாதங்கள் இரண்டு. முதலாவது: இலாபம் வந்தால் ஆலை ஓடும் என்று நிர்வாகத்தார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அதை நம்பி மிகுதியாக உழைத்தோம், இலாபமும் வந்தது. கம்பெனியோ, நீங்கள் சொல்லும் இலாபம் வேறு, நாங்கள் கணக்கிடும் இலாபம் வேறு என்றது. நீதிமன்றம் கம்பெனியின் கணக்கையே ஏற்றது. உழைக்கச் சொல்லும்போது ஒரு கணக்கு, ஊதியம் நிறுத்தும்போது வேறொரு கணக்கு!

இரண்டாவது வாதம் ஆழமானது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஓர் ஊர் ஒரு கம்பெனிக்கு ஆளும் ஆறும் சாலையும் பள்ளியும் கொடுத்து வளர்த்திருக்கிறது. அவ்வுறவிலிருந்து ஊருக்கென ஓர் உரிமை பிறக்காதா? விசாரணையின் தொடக்கத்தில் நீதிபதி தாமஸ் லாம்ப்ராஸே அவ்வுரிமை பிறந்திருக்கக் கூடும் என்று கருத்துரைத்தார். கேட்டவர்களுக்கு நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் 1980 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது, அத்தகைய உரிமையைச் செயற்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று கைவிரித்தார். சூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

அரசர்கள் முதல் நூலில் நாபோத்தின் கதையைப் படித்திருப்போம். முன்னோர் விட்டுச்சென்ற திராட்சைத் தோட்டத்தை விற்க அவன் மறுத்தான். அரசன் ஆகாபு முகம் வாடினான், ஈசபேல் சாட்சிகளை அமர்த்தினாள், ஊர்ப் பெரியோர் கூடினர், வழக்கு நடந்தது, தண்டனை நிறைவேறியது. அங்கே நடந்த ஒவ்வொன்றும் சட்டத்தின் வடிவத்திலேயே நடந்தது என்பது நாம் எளிதில் மறந்துவிடும் செய்தி. எலியா வந்து கேட்டபோதுதான் அதற்குக் கொலை என்றும் கொள்ளை என்றும் பெயர் கிடைத்தது. சட்டத்தில் இடமில்லை என்ற சொல் நீதிமன்றத்தில் இறுதிச் சொல்லாகலாம். மனச்சான்றின் முன் அது தொடக்கச் சொல்லே.

"எப்படியும் செத்திருக்கும்" என்போருக்கு

அந்த ஆலைகளை யார் நடத்தியிருந்தாலும் எப்படியும் நின்றிருக்கும் என்பது இறுதியாகச் சொல்லப்படும் சமாதானம். அதற்கு விடை அருகிலேயே இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் வியர்ட்டன் என்றோர் எஃகு நகரம். 1982-இல் அதன் உடைமையாளரும் இனி முதலீடு செய்வதில்லை என்று கைகழுவினர். அங்கே தொழிலாளர்களே ஆலையை வாங்கினர்; ஊதியக் குறைப்பையும் ஏற்றனர். 1984 முதல் அவர்களுடைய ஆலையாக அது ஓடிற்று. 2003-இல் அதுவும் நொடித்தது, மெய்தான். ஆயினும் இடைப்பட்ட 19 ஆண்டுகளை யார் கணக்கில் சேர்ப்பது? 1984-இல் பிறந்த குழந்தை பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை தந்தைக்கு வேலை இருந்தது. பொருளியல் ஏட்டில் அது தள்ளிப்போட்ட தோல்வி. ஒரு குடும்பத்தின் ஏட்டில் அது ஒரு வாழ்நாள்.

யங்ஸ்டவுனுக்கு அடுத்த மெக்டொனால்டிலேயே இன்னொரு சான்று உண்டு. யு.எஸ். ஸ்டீல் கைவிட்ட ஆலையின் ஒரு பகுதியை 1981-இல் புதியவர்கள் எடுத்து, மெக்டொனால்டு ஸ்டீல் என்ற பெயரில் நடத்தினர். உதவாது என்று தள்ளப்பட்ட அந்த உருட்டாலை நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஓடிற்று.

நல்ல முதலாளிகள் இருந்தால் போதாதா என்று கேட்போரும் உண்டு. 1995 திசம்பரில், லாரன்ஸ் நகரை ஒட்டிய மால்டன் மில்ஸ் துணியாலை தீக்கிரையாயிற்று. அதன் உடைமையாளர் ஆரன் ஃபியூயர்ஸ்டைன், காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கவில்லை. அதே ஊரிலேயே ஆலையைத் திரும்பக் கட்டினார். வேலையின்றி இருந்த தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் கொடுத்தார். யூத மறைநூல் கற்றுத்தந்த கடமை என்றே அவர் அதைக் கருதினார். வணங்கத்தக்க மனிதர். ஆனால் 2001-இல் கடன் சுமையால் அவ்வாலை நொடித்தது. நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போயிற்று. ஒரு தனிமனிதரின் நல்ல உள்ளத்தின்மேல் ஓர் ஊரின் உயிரைக் கட்டித் தொங்கவிடலாகாது என்பதே இதன் பாடம். நல்லவர் இருந்தும் ஊர் தவித்தது என்றால், நல்லவர் இல்லாத ஊரின் கதி என்ன?

எஞ்சியவை

வேறிடம் போய்ப் பிழைக்கட்டும் என்றனர் சிலர். போனார்கள். 1,70,000 பேர் வாழ்ந்த நகரில் 2020 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 60,000 பேரே. இளையோர் போயினர், முதியோரும் போக வழியற்றவர்களும் தங்கினர். கடனடைத்து முடித்த வீட்டை வாங்க ஆளில்லாதபோது, அந்த வீடே தளையாகிவிடுகிறது. தாய்மொழிக்கொன்றாகக் கட்டப்பட்ட ஆலயங்களுட் பல பிற பங்குகளோடு இணைக்கப்பட்டன. 150 ஆண்டுகள் வெளிவந்த விண்டிகேட்டர் நாளிதழ் 2019 ஆகஸ்டில் நின்றது.

வந்தவை எவை? 1997-இல் ஒரு தனியார் சிறைச்சாலை வந்தது. 1998-இல் மாநில அரசின் உச்சப் பாதுகாப்புச் சிறை வந்தது. எஃகு உருக்கிய ஊருக்குக் கம்பிகளை எண்ணும் தொழில்! இதற்கிடையே 1992-இல், உழைப்பின் வரலாற்றைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகமும் வந்தது. அருங்காட்சியகம் நல்லதே. ஆயினும் உழைப்பைப் போக்கிவிட்டு அதன் கருவிகளைக் கண்ணாடிக்குள் வைப்பதில் மன உறுத்தலைத் தீர்த்துக்கொள்ளும் தந்திரமும் கொஞ்சம் இல்லையா?

அருகில் லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை ஒன்று 1966 முதல் ஓடிக்கொண்டிருந்தது. எஃகு போனபின் பலருக்கு அதுவே பற்றுக்கோடு. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நொடித்தபோது, நாட்டின் வரிப்பணம் ஏறத்தாழ 5,000 கோடி டாலர் அதைத் தூக்கி நிறுத்திற்று. 2017 சூலையில் யங்ஸ்டவுனுக்கு வந்த குடியரசுத் தலைவர் டிரம்ப், வேலைகள் திரும்பி வருகின்றன, வீட்டை விற்றுவிடாதீர்கள் என்று மக்களுக்குச் சொன்னார். 2019 மார்ச்சில் லார்ட்ஸ்டவுனில் கார் உற்பத்தி நின்றது. மறுத்தவர் ஒரு கட்சி, வாக்களித்தவர் மறு கட்சி. ஏமாந்தது அதே ஊர்.

கேட்க வேண்டியவை

1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் உழைப்பைச் சந்தைச் சரக்காக எண்ணலாகாது என்று உலகிற்கு நினைவூட்டினார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், முதலைவிட உழைப்புக்கே முதன்மை என்று சுற்றுமடல் எழுதினார். 1986-இல் அமெரிக்க ஆயர்கள் 'அனைவருக்கும் பொருளாதார நீதி' என்ற மடலை வெளியிட்டனர். அது உருவான ஆண்டுகளில் ஆயர் பேரவையின் தலைவராயிருந்தவர் வேறு எவருமல்லர், யங்ஸ்டவுனின் ஆயர் மலோன்தாம். மூடிய ஆலைகளின் வாயிலில் நின்றவரின் அனுபவத்திற்கு அம்மடலோடு தொடர்பே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் மடல்களால் மட்டும் உலை எரியாது. பெரிய ஆலையை மூடுமுன் 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1988-இல் வந்தது. அத்தனை போராட்டங்களுக்கும் பிறகு கிடைத்தது அறுபது நாள்! தூக்கிலிடுமுன் நாள் குறித்துச் சொல்வது கருணையாகலாம், நீதியாகாது. மூடப்படும் ஆலையை வாங்க உழைத்தவர்க்கும் ஊர்க்கும் முதல் உரிமை வேண்டும். கம்பெனிக்கு நீளும் அரசின் கை ஊருக்கும் நீள வேண்டும். ஊரிலிருந்து எடுத்த இலாபத்தில் ஒரு பங்கு ஊரின் உலைக்குத் திரும்ப வேண்டும். இவை நடவாதவை என்பவர்கள், வியர்ட்டனில் நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும்.

குறைந்த அளவு, நம் நாவையேனும் திருத்திக்கொள்வோம். ஓர் ஊர் செத்துவிட்டது, காலத்தின் கட்டாயம் என்று இனி எவரேனும் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர வேண்டாம். முடிவு எந்நாளில் எடுக்கப்பட்டது? எடுத்தவர்கள் யார்? எடுத்தபோது அவ்வூரார் எவரேனும் அந்த அறையில் இருந்தனரா? இம்மூன்றையும் கேட்போம். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.